மீள வழியற்ற அச்சம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையின் கொலுசுப் பட்டறைகளையும் மண்டிகளையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு நாமக்கல் தொலைவான ஊர் அன்று. ஆனால் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை அங்கே ஒரு விடுதியில் சேர்ப்பது என்பது வீட்டின் சேமிப்பையும் எதிர்பார்ப்பையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைப்பது. கோழிப் பண்ணைக்கும் லாரிக்கும் பெயர்பெற்ற அந்த மாவட்டம் தொண்ணூறுகளுக்குப் பின் தங்கிப் படிக்கும் பள்ளிகளுக்கும் பெயர்பெற்றது. மருத்துவ, பொறியியல் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வைத் தமிழக அரசு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நீக்கியபோது பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே வாயிற்கதவாயிற்று. கட் ஆஃப் மதிப்பெண்ணில் கால் புள்ளி குறைந்தாலும் கல்லூரி மாறிவிடும் என்ற நிலையில், பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு ஆண்டுகளும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஓட்டும் முறை இந்த வட்டாரத்தில் வேரூன்றியது. விடியுமுன் எழுப்பி ஸ்டடியில் உட்காரவைப்பது, தினமும் ஒரு தேர்வு, இரவில் மறுபடியும் ஸ்டடி என்று போகும் இந்த வாழ்க்கைக்கு ஊரே வைத்த பெயர்தான் ‘பிராய்லர் பள்ளி’. 2017 முதல் நீட் தேர்வு கட்டாயமானதும் மதிப்பெண் இயந்திரம் நீட் பயிற்சி இயந்திரமாகத் தன்னை மாற்றிக்கொண்டது. முதல் முறை இடம் கிடைக்காதவர்கள் ‘ரிப்பீட்டர்’ என்ற புதுப் பெயரோடு அதே மாதிரியான விடுதிகளில் இன்னோர் ஆண்டு தங்குகிறார்கள்.

இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அச்சம் வருகிறது. சிலருக்கு அது நோயாகிறது. நெஞ்சு படபடக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது, படித்தது ஒன்றும் நினைவில் நிற்கவில்லை என்று தொடங்கி, தூக்கமின்மை, மூச்சடைப்பு, தேர்வறையை நினைத்தாலே உடல் நடுங்குவது என்று அது வளர்கிறது. தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16ஆம் ஆண்டு தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாக மதிப்பிட்டது. ஏன் சிலருக்கு மட்டும் நோயாகிறது என்று கேட்டால் நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு மனத்திடம் போதாது என்பது ஒன்று. பயம் இருந்தால்தான் படிப்பு வரும், அளவு மீறியதுதான் பிரச்சினை என்பது மற்றொன்று. இரண்டும் அச்சத்தின் அளவைப் பற்றியே பேசுகின்றன. கடந்த அறுபது ஆண்டு ஆய்வுகள் காட்டுவது வேறு. அச்சத்தை நோயாக்குவதில் அதன் அளவைவிட, அதற்கெதிராகத் தன்னால் ஏதாவது செய்ய முடியும் என்ற பிடிமானமும், தோற்றால் மீண்டு வர ஒரு வழியும் இருக்கின்றனவா என்பதே பெரிய பங்கு வகிக்கிறது. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

அச்சம் உடலில் வேலை செய்யும் விதத்திலிருந்து தொடங்கலாம். ஆபத்தின் அறிகுறியைக் கண்டறிவதில் மூளையின் ஆழத்திலுள்ள அமிக்டலா முன்னணியில் நிற்கிறது. அது எச்சரித்தவுடன் அட்ரினலின் சுரந்து இதயத்தை விரைவுபடுத்துகிறது. சற்றுப் பிந்தி கார்டிசால் என்ற ஹார்மோன் உடலின் சேமிப்பை அவசரத் தேவைக்குத் திருப்புகிறது. நாம் ‘பயமாக இருக்கிறது’ என்று உணர்வதும் அமிக்டலாவின் இந்த எச்சரிக்கையும் ஒன்றல்ல என்பதை, இந்தத் துறையில் நாற்பது ஆண்டுகளாக உழைத்துவரும் ஜோசப் லெடூ வலியுறுத்திவருகிறார். ‘எனக்குப் பயமே இல்லை’ என்று மனதாரச் சொல்லும் மாணவனின் உடலும் எச்சரிக்கை நிலையில் இருக்கலாம். தேர்வுக்கு இன்னும் முக்கியமான செய்தி நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணியைப் பற்றியது. ஒரு கணக்கின் மூன்று படிகளை ஒருசேர மனத்தில் நிறுத்துவது, தவறான விடையை ஒதுக்குவது எல்லாம் அதன் வேலை. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் எழுதினார்: மிதமான அழுத்தம்கூட, அது தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று தோன்றும்போது, இந்தப் பகுதியின் வேலையைச் சட்டென்று குலைத்துவிடுகிறது. ‘மண்டையில ஒண்ணுமே ஓடல’ என்று தேர்வறையிலிருந்து வரும் பிள்ளை சாக்கு சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறது.

சில மணி நேர அழுத்தம் இப்படிச் செய்யுமென்றால், நாள்தோறும் தொடரும் அழுத்தம் என்ன செய்யும்? இதற்கான மிக முக்கியமான விடைகளில் ஒன்று நமக்கு அருகிலேயே, பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் கிடைத்தது. சுமந்த்ரா சட்டர்ஜியும் அவரது சக ஆய்வாளர்களும் எலிகளை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வீதம் பத்து நாட்கள் அசைய முடியாதபடி அடைத்துவைத்தார்கள். அதன்பின் நரம்பணுக்களின் கிளைகளை அளந்தபோது, நினைவாற்றலுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸில் அவை சுருங்கியிருந்தன, அமிக்டலாவிலோ வளர்ந்திருந்தன. 2002இல் வெளியான இந்த முடிவு, அழுத்தம் மூளையை எங்கும் தேய்க்கும் என்ற அதுவரையிலான எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. இரண்டாண்டுக்குப் பின் அதே குழு கண்டது இன்னும் கவலைக்குரியது. அதேபோல் அடைத்துவைத்த எலிகளை 21 நாட்கள் தொந்தரவின்றி விட்டபோது ஹிப்போகாம்பஸ் பழைய நிலைக்குத் திரும்பியது. அமிக்டலாவின் வளர்ச்சி திரும்பவில்லை, எலிகளின் பதற்றமும் குறையவில்லை. ஒரே ஒரு முறை இரண்டு மணி நேரம் அடைத்துவைத்தாலும், உடனே ஒன்றும் தெரியாமல் பத்து நாள் கழித்து அமிக்டலாவில் புதிய இணைப்புகள் முளைப்பதை 2005இல் காட்டினார்கள். தேர்வு முடிந்து விடுமுறைக்கு வீடு வந்த பின்னும் பிள்ளை தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவது ஏன் என்று திகைக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பாடம் மறந்து போகலாம், பயம் தங்கிவிடக்கூடும்.

எலியின் மூளையைக் கொண்டு பிள்ளையின் மனத்தை அளக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. எலிக்குக் கட் ஆஃப் தெரியாது. குடும்ப மானம் தெரியாது. ஆனால் அந்தச் சோதனையின் உயிர்நாடி வலி அல்ல, அசைய முடியாமை. அதன் பொருளைப் புரிந்துகொள்ள 1967ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். பென்சில்வேனியாவில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை, இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காத அளவு கொடூரமானது. ஆனால் அதன் வடிவமைப்பு கூர்மையானது. ஒரு நாய் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் மின்னதிர்ச்சி நிற்கும். அதனோடு இணைக்கப்பட்ட இன்னொரு நாய்க்கும் அதே நேரத்தில், அதே அளவில், அதே எண்ணிக்கையில் அதிர்ச்சி. ஆனால் அது என்ன செய்தாலும் நிற்காது. இரண்டும் பட்ட வலி ஒன்றே. மறுநாள் எளிதாகத் தாண்டித் தப்பக்கூடிய ஒரு பெட்டியில் விட்டபோது முதல் நாய்கள் தாண்டிப் போயின. இரண்டாம் வகை நாய்களில் பெரும்பாலானவை தப்ப முயலாமல் படுத்து வலியைத் தாங்கின. ஏறத்தாழ ஐம்பதாண்டு கழித்து, 2016இல், அவர்களே தங்கள் விளக்கத்தைத் தலைகீழாகத் திருத்தினார்கள். கையறு நிலை கற்றுக்கொள்ளப்படுவதில்லை; நீண்ட துன்பத்துக்கு மூளை தரும் இயல்பான மறுமொழியே அதுதான். கற்றுக்கொள்ளப்படுவது கட்டுப்பாடு. ‘என் செயலுக்குப் பலன் உண்டு’ என்று முன்மூளைப் புறணி கண்டுகொள்ளும்போது, மூளைத்தண்டிலுள்ள செரட்டோனின் நரம்பணுக்களின் பதற்ற வெள்ளத்தை அது அடக்குகிறது. அப்படி ஒருமுறை பிடிமானத்தை அனுபவித்த விலங்கு, பின்னாளில் கட்டுப்படுத்த முடியாத துன்பம் வந்தபோதும் குலையவில்லை.

மனிதரிடமும் இதற்குச் சான்று உண்டு. கேத்தரின் ஹார்ட்லியும் எலிசபெத் ஃபெல்ப்ஸும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிறிய மின்னதிர்ச்சியைத் தாங்களே நிறுத்த முடிந்தவர்களிடம் பின்னர் கற்ற அச்சம் எளிதில் தணிந்தது; அதே அளவு அதிர்ச்சியை நிறுத்த முடியாமல் பெற்றவர்களிடம் அது மீண்டும் தலைதூக்கியது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, நம் கடற்கரையிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டு மீனவக் கிராமம் ஒன்றில் நடந்த ஆய்வு, வயது வந்தவர்களில் 12.7 விழுக்காட்டினருக்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருப்பதைக் கண்டது.  யாருக்கு நோய் கூடுதலாக வந்தது என்று பார்த்தபோது, பெண்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் மட்டுமன்றி, வீட்டில் வருமானமே இல்லாமல் போனவர்களுக்கும் ஆபத்து அதிகமாக இருந்தது. ஆகவே பாதுகாப்பு உணர்வைத் தருவதோடு பிழைப்பையும் மீட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதில் பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. அலை தந்த அச்சத்தின் மருந்தில் ஒரு பங்கு படகிலும் வலையிலும் இருந்தது. நாளைக்கு என்ன செய்வது என்பதற்கு ஒரு விடை கிடைத்தவரின் மனம் ஆறுவதற்கும் இடம் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனிமனிதரின் மனத்துக்கு மட்டும் சிகிச்சை செய்து பயனில்லை, குலைந்த குடும்பத்தையும் ஊரையும் கட்ட வேண்டும் என்று தொடர்ந்து எழுதிவந்ததும் இந்தத் திசையில்தான்.

இந்தச் சான்றுகளோடு ஒரு விடுதி மாணவியின் நாளைப் பொருத்திப் பாருங்கள். எப்போது எழுவது, எதை முதலில் படிப்பது, எப்போது அம்மாவிடம் பேசுவது, உடம்புக்கு முடியாவிட்டால் ஓய்வெடுக்கலாமா என எதுவும் அவள் கையில் இல்லை. வாரத்தேர்வின் மதிப்பெண் பலகையில் ஒட்டப்படுகிறது. அதை வைத்து வகுப்புப் பிரிவு மாறுகிறது. இறுதியில் எல்லாம் ஒரு நாளில், மூன்று மணி நேரத்தில், 180 வினாக்களில், 720 மதிப்பெண்ணில் போய் நிற்கிறது. தவறினால் ஓர் ஆண்டு. அச்சம் தணிய மூளைக்குப் புதிய கற்றல் வேண்டும்: பயந்த இடத்துக்குப் போய், பயந்தது நடக்கவில்லை அல்லது நடந்தும் தாங்க முடிந்தது என்று திரும்பத் திரும்பக் காண வேண்டும். பதற்றநோய்க்கான உளவியல் சிகிச்சைகளில் வலுவான சான்றுள்ளவை இந்த அடிப்படையில் எழுந்தவையே. பழைய அச்ச நினைவு அழிவதில்லை. அதன்மேல் புதிய நினைவு ஒன்று எழுதப்படுகிறது. விடுதித் தேர்வுகள் தினமும் நடக்கின்றன, ஆகவே பயம் தானாகப் பழகிவிடாதா என்று கேட்கலாம். பழகாது, ஏனெனில் ஒவ்வொரு தேர்வும் தோல்விக்கு ஒரு தண்டனையோடு வருகிறது. அங்கே கற்கப்படுவது ‘பயந்தது நடந்தது’ என்பதே. போதாக்குறைக்கு, 2012இல் வெளியான ஓர் ஆய்வு 12 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களிடம், சிறுவரையும் பெரியவரையும்விட, கற்ற அச்சம் தணிவது மெதுவாக இருப்பதைக் கண்டது. நம் தேர்வுகளெல்லாம் வந்து குவியும் வயதும் அதுதான்.

பயம் நல்லது என்ற தரப்புக்கு ஒரு பழைய ஆதாரம் உண்டு. 1908இல் ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் வெளியிட்ட ஆய்வின் பெயரால் ஒரு வளைகோடு இன்றுவரை ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்களில் வருகிறது: பதற்றம் கூடக்கூடத் திறன் கூடும், ஓர் அளவுக்குமேல் சரியும். ஆகவே கொஞ்சம் பயமுறுத்துவது தேவை என்று வாதிடுகிறார்கள். அந்த ஆய்வு நடந்தது எலிகளிடம். வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் பிரித்தறியக் கற்பித்து, தவறினால் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். இரண்டு பெட்டிகளின் வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது அதிர்ச்சி கூடக்கூடக் கற்றல் வேகமாயிற்று. வேறுபாடு நுட்பமாக இருந்தபோதோ கடுமையான அதிர்ச்சி கற்றலைக் கெடுத்தது. அதாவது, மனப்பாடமாக ஒப்பிக்கும் வேலைக்குப் பயம் உதவலாம். நான்கு விடைகளில் மூன்று சரிபோலவே தோன்றும் வினாவுக்கு அதே பயம் எதிரி. பழைய பிளஸ் டூ தேர்வில் பலன் தந்ததாகத் தோன்றிய முறையை நீட் தேர்வுக்கும் அப்படியே கொண்டுவருபவர்கள், தாங்கள் நம்பும் ஆதாரத்தின் இரண்டாம் பாதியைப் படிக்கவில்லை.

மரபணுவைச் சொல்பவர்களுக்கும் விடை தர வேண்டும். இரட்டையர்களைக் கொண்டு நடந்த ஆய்வுகள், பதற்றநோய்கள் வரும் வாய்ப்பில் மக்களிடையே காணப்படும் வேறுபாட்டில் சுமார் 30 முதல் 40 விழுக்காடு மரபுவழி வருவதாகக் காட்டுகின்றன. ஒரே அறையில் படுக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் மட்டும் உடைவதற்கு இது ஓரளவு காரணம்தான். ஆனால் இதை வைத்துப் பிள்ளையின் மீது பழிபோட முடியாது. எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் சில பிள்ளைகள் எளிதில் அஞ்சும் இயல்போடு வருவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்த செய்தி. தெரிந்திருந்தும் அவர்களைக் கணக்கில் எடுக்காத ஏற்பாடு, திடமானவர்களுக்கு மட்டும் கட்டிய ஏற்பாடு. நோய் முற்றியவர்களுக்குச் சிகிச்சை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. உளவியல் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும் பலனளிக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, 2022 முதல் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் தொலைபேசி உதவி இருக்கிறது. ஆனால் முன்பு சொன்ன 2015–16ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி, பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான மனநோய் உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். சிகிச்சையை மட்டும் நம்பி, நோயை உண்டாக்கும் ஏற்பாட்டை அப்படியே விட்டுவைக்க இந்த எண் இடம் தரவில்லை.

எதிர்வாதங்களில் மிகவும் மதிக்கத்தக்கது இந்த வட்டாரத்துக் குடும்பங்களிடமிருந்தே வருவது. பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைப்பவரின் மகளும், மண்டியில் மூட்டை தூக்குபவரின் மகனும் மருத்துவரானது இந்தக் கெடுபிடியால்தானே. வீட்டில் படிக்க ஓர் அறை இல்லாதவனுக்கு இதை விட்டால் வேறென்ன வழி? இதைச் சொல்பவர்களை நான் குறை கூற மாட்டேன். பணக்காரப் பிள்ளைக்குத் தோல்வி ஒரு தாமதம். ஏழைப் பிள்ளைக்கு அது குடும்பக் கடன். ஆனால் இந்த வாதத்தை ஊன்றிப் பார்த்தால் அது என் பக்கமே வந்து சேர்கிறது. வசதி குறைந்த பிள்ளைக்குக் கிடைத்த நன்மை ஒழுங்கான நேரம், ஆசிரியரின் கவனம், அமைதியான இடம், நிறையப் பயிற்சி. இவற்றில் எதற்கும் அவமானமும் அடைப்பும் தேவையில்லை. மீளும் வழி ஏற்கெனவே குறைவாக உள்ளவர்களிடமிருந்து மிச்சமிருக்கும் வழியையும் பறிப்பது அவர்களுக்குச் செய்யும் உதவியாகாது.

தோல்விக்குப் பின் ஒரு வழியைத் திறந்துவைத்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு தானே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் தோற்றவர்கள் அந்த ஆண்டே, சில வாரங்களுக்குள், சிறப்புத் துணைத்தேர்வு எழுதித் தேர்ச்சி பெற்றுக் கல்லூரியிலும் சேரலாம் என்ற உடனடித் தேர்வு முறையைத்தான் சொல்கிறேன். 1986இல் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்கான ஸ்நேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், தேர்வு முடிவுக் காலத்துத் தற்கொலைகளைத் தடுக்க ஓர் அரசால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்லிவருகிறார். பாடத்திட்டம் குறையவில்லை, வினாத்தாள் எளிதாகவில்லை, தேர்ச்சி மதிப்பெண்ணும் மாறவில்லை. தோல்வியின் பொருள் மட்டும் மாறியது: ஓர் ஆண்டு என்பது ஒரு மாதமாகச் சுருங்கியது. 2017 மே மாதம், பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடங்களைப் பிடித்தவர்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு நிறுத்தியதும் அதே வரிசையில் வைக்கத்தக்கது; படிப்பின் தரத்தைக் குறைக்காமல் அவமானத்தின் அளவைக் குறைத்த முடிவு அது. கூட்ட மேடையில் நின்று ‘பயப்படாதீர்கள்’ என்று சொல்லும் ஊக்கப் பேச்சுகளைவிட இவ்விரண்டும் கூடுதல் பலன் தருபவை என்பது என் மதிப்பீடு.

நீட் தேர்வுக்கு அத்தகைய கதவு ஒன்று ஏறத்தாழத் திறந்து மூடியது. 2018 ஜூலையில் மத்திய அரசு, பொறியியலுக்கான ஜேஇஇ மெயின் தேர்வையும் நீட்டையும் ஆண்டுக்கு இருமுறை நடத்தப்போவதாக அறிவித்தது. ஜேஇஇ அப்படியே 2019இல் இருமுறை நடக்கத் தொடங்கியது. இரண்டில் கூடுதலான மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். நீட்டுக்கான அறிவிப்போ சில வாரங்களில் திரும்பப் பெறப்பட்டது. கணினித் தேர்வு கிராமப்புற மாணவர்களைப் பாதிக்கும் என்பதோடு, இருமுறை நடத்தினால் மாணவர்களுக்கு அழுத்தம் கூடும் என்பதும் சுகாதார அமைச்சகத்தின் கவலையாக இருந்தது. முதல் கவலை சரியானது. தாளிலேயே இருமுறை நடத்துவதன் மூலம் அதைத் தீர்த்திருக்கலாம். இரண்டாவது கவலை, அழுத்தத்தைத் தேர்வுகளின் எண்ணிக்கையால் அளக்கிறது. அதற்கு ஆதரவாக ராஜஸ்தானின் கோட்டா நகரத்தைக் காட்டக்கூடும்: ஜேஇஇ இருமுறை நடந்தும் அங்கே மாணவர் தற்கொலைகள் நின்றுவிடவில்லையே? நிற்கவில்லைதான். நாளின் ஒவ்வொரு மணியும் வேறொருவர் கையில் இருக்கும் விடுதியும் பலகையில் ஒட்டும் ரேங்கும் அப்படியே இருக்கும்போது, இறுதித் தேர்வுக்கு மட்டும் இன்னொரு தேதி கொடுப்பது பாதி வேலை. மீதிப் பாதியை டெல்லி செய்ய வேண்டியதில்லை. வாரத்தேர்வு மதிப்பெண்ணைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் மட்டும் சொல்வது, தவறிய தேர்வை அதே வாரம் திரும்ப எழுதி மதிப்பெண்ணை மாற்றிக்கொள்ள விடுவது, மாலையில் இரண்டு மணி நேரத்தில் எந்தப் பாடம் என்பதைப் பிள்ளையே முடிவுசெய்ய விடுவது, விரும்பிய நாளில் வீட்டுக்குப் பேச அனுமதிப்பது ஆகியவற்றை நாமக்கல்லில் ஒரு தாளாளர் நாளைக் காலையில் தொடங்கலாம். கட்டணம் கட்டும் பெற்றோர், கடந்த ஆண்டு எத்தனை பேருக்கு மருத்துவ இடம் கிடைத்தது என்று கேட்கும் அதே மூச்சில், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இடையில் வீடு திரும்பினார்கள், அவர்களுக்குப் பள்ளி என்ன செய்தது என்றும் கேட்கலாம்.